சொந்த வாய் விதி

முப்பத்தொரு வருஷம் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவன் நான். அடுத்தவன் எழுதியதில் எங்கே கால் விட்டுப்போயிருக்கிறது, எங்கே புள்ளி தொலைந்திருக்கிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியே ஆயுசு போனது. என் கையைத் தாண்டி ஒரு தப்பு அச்சுக்குப் போனதில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். அந்தத் திமிருக்குச் சரியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஓய்வு பெற்று, வீட்டில் மனைவியின் சமையலில் பிழை திருத்திக்கொண்டிருந்த நாளில் தேசியக் கால்பந்துச் சம்மேளனத்திலிருந்து கூப்பிட்டார்கள். எழுபத்தைந்தாம் ஆண்டு விழா வருகிறது, சம்மேளனத்தின் வரலாற்றைப் புத்தகமாகப் போட வேண்டும், பழைய கோப்புகளைப் பார்த்து எழுதித் தர முடியுமா என்றார் இப்போதைய செயலாளர். எனக்குக் கால்பந்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாதே என்றேன்.

"அதனாலதான் உங்களைக் கேக்கிறோம். தெரிஞ்சவங்க எழுதினா ஆளுக்கொரு பக்கம் இழுப்பாங்க" என்றார்.

நான் வீட்டைவிட்டு வெளியே போகிறேன் என்றதும் என் மனைவி பட்ட சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. அப்படித்தான், கோப்புகளைப் பற்றிப் பழைய செயலாளரிடம் கேட்க, லெஃப்ட் அக்கா வீட்டுக்குப் போய்வரத் தொடங்கினேன்.

சம்மேளன மைதானத்துக்குப் பின்பக்கத் தெருவில், மழை பெய்தால் கணுக்கால் வரை தண்ணீர் நிற்கும் வளைவில் அக்காவின் தையல்கடை இருந்தது. கடை என்றால் வீட்டின் முன்னறைதான். ஒரு தையல் மிஷின், துணி ஓரம் அடிக்கிற ஒரு ஓவர்லாக் மிஷின், பழைய கதவொன்றைப் படுக்கவைத்துச் செய்த வெட்டுமேசை. சுவரில், பனியனுக்கு எண் போடுவதற்காக ஒன்றிலிருந்து இருபது வரை வெட்டிய அட்டைகள் ஆணியில் தொங்கும். ஊரில் பாதிக் கிளப்புகள் அக்கா தைத்த பனியனைப் போட்டுக்கொண்டுதான் ஓடின. மழைக்காலத்தில் துணி ஈரத்தைக் குடித்துவிட்டுப் பிறகு சுருங்கும் என்று ஒரு விரல் அளவு கூடுதலாக விட்டு வெட்டுவாள். அறுபத்துநாலு வயது. மிஷினை இன்றும் இடதுகாலால்தான் மிதிப்பாள். அந்தக் காலால் பந்தாடித்தான் அவளுக்கு அந்தப் பெயரே வந்தது.

அவள் கணவர் சம்மேளனத்தில் உதவிச் செயலாளராகச் சேர்ந்து செயலாளராக ஓய்வு பெற்றவர். எழுபது வயது. அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'ஒத்த ஓட்டு' என்றால் டீக்கடையிலிருந்து மைதானத்து வாட்ச்மேன் வரைக்கும் தெரியும். நான் அண்ணன் என்பேன்.

அந்தப் பட்டப்பெயரின் கதையை அக்கா முதல் நாளே சொல்லிவிட்டாள். வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே சொன்னாள்.

"பிஸ்கட் ஃபேக்டரியில மூணு ஷிஃப்ட்டு தம்பி. ஷிஃப்ட்டுக்கு ஒரு டீமு, எல்லாம் பொம்பளைங்க. இந்த நாட்டுலயே பொம்பளைங்க பந்து விளையாடினது எங்க கிளப்புல மட்டும்தான். மூணுலயும் பொறுக்கி எடுத்து ஒரு டீம் போட்டோம். வெளிநாட்டுல பொம்பளைங்களுக்குன்னு முதல்முதலா ஒரு போட்டி. எங்களைக் கூப்பிட்டுக் கடுதாசி வந்திருச்சு. பாஸ்போர்ட்டுக்கு போட்டோ எடுக்கும்போது சிரிக்கக் கூடாதுன்னு சொல்றான். எனக்குன்னா சிரிப்ப அடக்கவே முடியல. இருபத்திமூணு வயசு, சொல்லவா வேணும்?"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? கிளம்ப மூணு வாரம் இருக்கு. சம்மேளனத்துல கூட்டம் போட்டு, பொம்பளைங்க விளையாடக் கூடாதுன்னு தீர்மானம் போட்டுட்டாங்க. உடம்புக்கு ஆகாதாம். எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டே பிஸ்கட் அடுக்கறது மட்டும் உடம்புக்கு ஆகும் போல. மைதானம் குடுக்கக் கூடாது, பந்து குடுக்கக் கூடாது, ரெஃப்ரி போகக் கூடாது. பத்தொம்பது வருஷம் கழிச்சுத்தான் எடுத்தாங்க. அப்ப எனக்கு நாப்பத்திரெண்டு. யாரு கூப்பிடுவா?"

ஊசியை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துக் காலரில் குத்தினாள்.

"பதினோரு பேர் உக்காந்த கூட்டம். பத்துப் பேர் சரின்னு தலையாட்டினாங்க. ஒருத்தர் மட்டும் மாட்டேன்னாரு. எங்க ஃபேக்டரி கிளப்போட பிரதிநிதி. இதோ உள்ள டீ போட்டுக்கிட்டு இருக்காரே, அவருதான். அந்த ஒத்த ஓட்டுக்காகத்தான் கட்டிக்கிட்டேன். இல்லேன்னா இந்த மூஞ்சிக்கு யாரு தம்பி கழுத்த நீட்டுவா?"

"சக்கரை எவ்வளவு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பேச்ச மாத்தறதப் பாத்தீங்களா? எப்பவும் இப்படித்தான். பெருமையா ஒரு வார்த்தை அவரு வாயிலேருந்து வராது."

அண்ணன் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "விடு, பழசையெல்லாம் எதுக்குக் கிளறிக்கிட்டு" என்று சிரித்தார். என்ன அடக்கம் என்று நானும் நினைத்தேன். மடையன்.

அண்ணன் எனக்கு நிறைய உதவி செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். எந்தக் கோப்பு எங்கே கிடக்கிறது என்று அவருக்கு அத்துப்படி. ஒரு வருஷத்து நடவடிக்கைப் பதிவேடு மட்டும் கிடைக்கவில்லை. பெண்களுக்குத் தடை போட்ட வருஷம்.

"அதைக் கரையான் தின்னுடுச்சு தம்பி. நல்லவேளை, அப்பவே சுருக்கி டைப் அடிச்சு வெச்சிருந்தேன். இத வெச்சு எழுதிக்குங்க" என்று இரண்டு தாள்களைக் கொடுத்தார். சுத்தமான தட்டச்சு. ஒரு எழுத்துப் பிழை இல்லை. ஒரு பிழைகூட இல்லாத தாளைப் பார்த்தால் என் போன்ற ஆள் அதற்கு அடிமை. கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன். அந்த அத்தியாயத்துக்கு 'ஒற்றை ஓட்டு' என்று தலைப்பும் நானே வைத்தேன். படித்துப் பார்த்த செயலாளர் குளிர்ந்து போனார். விழா மேடைக்குப் புருஷன் பெண்டாட்டி இருவரையும் ஏற்றி, கையில் கேடயம் கொடுப்பதென்று முடிவானது.

மெய்ப்புப் பார்ப்பது இரண்டு பேர் வேலை. ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க வேண்டும், இன்னொருவர் அச்சுத்தாளில் விரல் வைத்துக்கொண்டே வர வேண்டும். என்னோடு முப்பது வருஷம் படித்த கூட்டாளி மகனோடு வெளிநாடு போய்விட்டான். மனைவியை உட்காரவைத்தேன். இரண்டாவது பத்தியில் குறட்டை விட்டாள்.

"இங்க வந்து படிங்க. நான் தைச்சுக்கிட்டே கேக்கறேன். எங்கயாவது இடறினா காதுக்குத் தெரிஞ்சுடுமில்ல?" என்றாள் அக்கா.

நல்ல யோசனையாகத்தான் பட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போவேன். தெருவில் தண்ணீர் நிற்கும், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போய் வாசலில் காலைக் கழுவிவிட்டு, துணிமூட்டை மேல் உட்கார்ந்து படிப்பேன். காற்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் சேர்த்துப் படிப்பதுதான் எங்கள் தொழில் பழக்கம். "ஐயோ, நடுவுல நடுவுல புள்ளி வெக்காம படிங்களேன், கதை ஓட மாட்டேங்குது" என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

ஐந்தாவது அத்தியாயத்தைத்தான் முதலில் படிக்கச் சொன்னாள். 'பத்துக் கைகள் ஆதரவாக உயர்ந்தன, காற்புள்ளி, ஒரு கை மட்டும் மேசையை விட்டு எழவில்லை, முற்றுப்புள்ளி' என்று நான் படித்தபோது அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஓவர்லாக் மிஷினில் தூசி பறக்கிறது என்று திட்டினாள். அண்ணன் அப்போது கடைக்கு முட்டை வாங்கப் போயிருந்தார். நான் அந்த அத்தியாயத்தைப் படிக்கிற நாளில் அவருக்கு எப்படியும் வெளியே ஒரு வேலை இருந்தது.

நாலு நாள் கழித்து முதல் அத்தியாயத்துக்கு வந்தோம். சம்மேளனம் பிறந்த கதை. அன்றைக்கு அடைமழை. தைத்த பனியன்கள் காயாமல் அறை முழுக்கக் கயிற்றில் தொங்கின. அவற்றுக்கு நடுவே தலையைக் குனிந்து உட்கார்ந்து படித்தேன்.

ஆரம்பத்தில் நாட்டில் இரண்டு சம்மேளனங்கள் இருந்தன. துறைமுகத் தொழிலாளர் கிளப்புகள் ஒன்று வைத்திருந்தன, ஆபீஸ்காரர்களின் கிளப்புகள் இன்னொன்று. ஒன்றின் முகத்தில் இன்னொன்று விழிக்காது. ஒரு வருஷம் வெளிநாட்டுப் போட்டிக்கு இரண்டு பேருமே தேசிய அணியை அனுப்பிவிட்டார்கள். ஒரே கப்பல், ஒரே நிறப் பனியன். கப்பலிலேயே மூக்கு உடைந்ததில் இருபத்திரண்டு பேரையும் துறைமுகத்தில் இறங்க விடாமல் அதே கப்பலில் திருப்பி அனுப்பினார்கள்.

அக்கா மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "இருபத்திரெண்டு பனியனும் ஒரே ஆள்தான் தைச்சிருப்பான். ரெண்டு பக்கமும் வாங்கித் தின்னிருப்பான்."

நானும் சிரித்துவிட்டு மேலே படித்தேன்.

"அந்த அவமானத்துக்குப் பிறகே இரு சம்மேளனங்களும் இணைந்தன, முற்றுப்புள்ளி. ஆனால் ஒருவரை ஒருவர் நம்பவில்லை, முற்றுப்புள்ளி. பெரும்பான்மை சேர்ந்துகொண்டு தங்கள் கிளப்பை நசுக்கிவிடும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது, முற்றுப்புள்ளி. ஆகவே ஒரு விதி எழுதினார்கள், முற்றுப்புள்ளி. ஒரு கிளப்பின் ஆட்டக்காரர்களையோ மைதானத்தையோ தொடும் எந்தத் தீர்மானமும், காற்புள்ளி, அந்தக் கிளப்பின் பிரதிநிதியே எழுந்து வழிமொழிந்தால்தான் செல்லும், முற்றுப்புள்ளி. மற்ற எல்லோரும் ஆதரித்தாலும் செல்லாது, முற்றுப்புள்ளி. இதைச் சொந்த வாய் விதி என்று அழைத்தார்கள், முற்றுப்புள்ளி."

மிஷின் நின்றது. சிரிப்பதற்காக நின்றது என்று நினைத்து நான் தொடர்ந்தேன்.

"திரும்பப் படிங்க" என்றாள்.

படித்தேன்.

"புள்ளியெல்லாம் விட்டுட்டுப் படிங்க."

படித்தேன்.

"இந்த விதிய எப்ப எடுத்தாங்க?"

"கடைசி அத்தியாயத்துல வருது அக்கா. பன்னெண்டு வருஷம் முன்னாடி."

"நடுவுல கொஞ்ச நாள் எடுத்துட்டு மறுபடி போட்டாங்களா?"

"இல்லையே. ஒரு தடவைகூட மீறினதில்லைன்னு எல்லாரும் பெருமையா எழுதி வெச்சிருக்காங்க."

"பொம்பளைங்க டீமு எங்க கிளப்புல மட்டும்தானே இருந்துச்சு, தம்பி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு அத்தியாயத்தையும் எழுதியவன் நான். ஒவ்வொன்றையும் ஐந்து தடவை படித்தவன் நான். ஒன்றை இன்னொன்றோடு வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. ஒவ்வொரு வரியாகப் பார்த்தே பழகியவனுக்குப் பக்கம் தெரியவில்லை. பிஸ்கட் கிளப்பின் பிரதிநிதி எழுந்து வழிமொழியாமல் அந்தத் தடை வந்திருக்கவே முடியாது.

"ஒருவேளை அன்னைக்கு மட்டும்..." என்று எதையோ பூசி மெழுகப் பார்த்தேன்.

"கோலி ஒருத்தி இருந்தா" என்றாள் அக்கா. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. "எங்க கோல்கீப்பர். ஒரே தட்டுல சாப்பிடுவோம். தடை வந்த மறுநாள் பேக்கிங் டேபிள்ல வந்து, 'அந்த ஆளு எழுந்து நிக்காம இது நடந்திருக்காதுடி'ன்னா. அவ அண்ணன் சம்மேளனத்துல பியூனா இருந்தான். நான் முழுசா சொல்ல விடல. ஓங்கி அறைஞ்சேன். எல்லார் முன்னாடியும். அதோட சரி. ஒரே ஃபேக்டரியில இன்னும் பதினாறு வருஷம் வேலை பாத்தோம், ஒரு வார்த்தை பேசல."

கயிற்றில் தொங்கிய பனியன்களை ஒதுக்கிக்கொண்டு எழுந்தாள். "அந்தப் பதிவேடு எனக்கு வேணும்."

"கரையான்..."

"நீங்க பாத்தீங்களா கரையான?"

பார்க்கவில்லை. மறுநாள் காலையில் மைதானத்துக்குப் போனேன். கேலரிப் படிகளுக்கு அடியில் ஒரு நீளமான அறை, பழைய கோல் வலைகள், துருப்பிடித்த சுண்ணாம்பு வண்டி, காற்றுப் போன பந்துகள். வாட்ச்மேன் சாவியைத் தேடி எடுத்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"கரையானா? பதிவேடெல்லாம் இரும்பு அலமாரியில இருக்கு சார். கரையான் என்ன இரும்பையா கடிக்கும்?"

நீலத்துணி பைண்டு போட்ட பதிவேடு வரிசையிலேயே இருந்தது. ஒரு மூலைகூட மடங்கவில்லை. பக்கத்தைத் திருப்ப எனக்குக் கை வரவில்லை. வாட்ச்மேன்தான் "என்ன சார், பாம்பா இருக்கு உள்ள?" என்று சிரித்தான்.

தீர்மானம் பதினாலு. பெண்கள் கால்பந்து ஆடுவதைத் தடை செய்வது. முன்மொழிந்தவர் தலைவர். வழிமொழிந்தவர் பிஸ்கட் தொழிற்சாலைக் கிளப் பிரதிநிதி. ஏகமனதாக நிறைவேறியது. எதிர்த்து ஒரு ஓட்டு இல்லை, அரை ஓட்டும் இல்லை.

அதற்குக் கீழேயே, அதே மையில், தீர்மானம் பதினைந்து. காலியாக உள்ள உதவிச் செயலாளர் பதவிக்குப் பிஸ்கட் தொழிற்சாலைக் கிளப் பிரதிநிதியை நியமிப்பது. அதுவும் ஏகமனதாக. பக்கத்தின் அடியில் அண்ணனின் கையெழுத்து. டீக்கடைப் பையனுக்கும் தெரிந்த அதே வளைந்த கையெழுத்து.

பதிவேட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுபோனேன். போகும் வழியெல்லாம் அண்ணன் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் எனக்கு வந்த கோபம் அதிகம். இரண்டு தட்டச்சுத் தாளைக் கொடுத்து ஒரு மனுஷன் என் காதில் பூச்சுற்ற முடிந்ததே!

சமையலறையில் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரொட்டியும் முட்டையும். அக்கா பதிவேட்டை வாங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, மேசைமேல் விரித்துப் படித்தாள். விரலை வைத்து மெதுவாகப் படித்தாள். பிறகு அண்ணன் பக்கம் திருப்பி வைத்தாள். அவர் படிக்கவில்லை.

நான் எழுந்து போகப் பார்த்தேன். "உக்காருங்க தம்பி. நீங்கதானே எழுதப் போறீங்க" என்றாள் அக்கா.

"கிளப்பையே மூடிடுவேன்னு மெரட்டினாங்க" என்றார் அண்ணன் கடைசியில். "ஆம்பளைங்க டீமு, மைதானம், எல்லாம் போயிடும்னாங்க. ஒரு வருஷம்தான், அப்புறம் எடுத்துருவோம்னு தலைவர் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாரு. நம்பினேன்."

"வேலை?"

அண்ணன் பதிவேட்டை மூடப் பார்த்தார். அக்கா விரலை வைத்துத் தடுத்தாள்.

"வேலை தர்றேன்னு முன்னாடி சொன்னாரா, பின்னாடி சொன்னாரா?"

"அப்பவேதான்."

"அந்த வேலையில கட்டின வீடுதானே இது?"

அண்ணன் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார். சாப்பிடவில்லை.

"அந்த ஒத்த ஓட்டுக் கதைய நான் கட்டல. சத்தியமா நான் கட்டல" என்றார். "கூட்டம் முடிஞ்சு மூஞ்சி தொங்கிப்போய் வெளிய வந்தேன். நீங்க இருபது பேரு கேட்டுக்கிட்ட நின்னீங்க. என் மூஞ்சியப் பாத்துட்டு, 'இவரு ஒருத்தர்தான் நமக்காகப் பேசியிருப்பாரு'ன்னு யாரோ சொன்னாங்க. எல்லாரும் கைதட்டினீங்க. இல்லேன்னு சொல்ல வாயத் தொறந்தேன். நீ ஓடி வந்து கையப் பிடிச்சுட்ட."

"யாரோ இல்ல. அதச் சொன்னது நான்தான்" என்றாள் அக்கா.

தன் தட்டை ஒரு பக்கம் தள்ளிவைத்தாள்.

"சரி, அன்னைக்கு நான் கையப் பிடிச்சுட்டேன். நாப்பத்தோரு வருஷம் வாயத் தொறக்க நேரம் கிடைக்கலையா? ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே. உங்களுக்குச் சோறு போடும்போதெல்லாம் நெனச்சுக்குவேனே, நமக்காக நின்ன மனுஷன்னு. ஒருத்திய அறைஞ்சேனே உங்களுக்காக. உங்களுக்குக் கூசவே இல்லையா?"

"கூசுச்சு. முதல் நாலு வருஷம் தூக்கமே இல்ல. அப்புறம்... அப்புறம் எனக்கே அது நெஜம் மாதிரி ஆயிடுச்சு."

அதைக் கேட்டதும் அக்கா அழுதாள். அதுவரை அழவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்ற கவலையே இல்லாமல் அழுதாள். அழுது முடித்து, தட்டுகளை எடுத்துக் கழுவிவிட்டு வந்து சொன்னாள்.

"தம்பி புத்தகத்துல திருத்தி எழுதட்டும். ஆனா யாரோ எழுதி ஊருக்குத் தெரியறது வேண்டாம். மேடையில நீங்க உங்க வாயால சொல்லணும். சொன்னா, கீழ இறங்கினதும் உங்ககூட இந்த வீட்டுக்கு வருவேன். என்ன ஆனாலும் சேந்து பாத்துக்கலாம். சொல்லலேன்னா வர மாட்டேன்."

"சொல்றேன்" என்றார் அண்ணன். "சத்தியமா சொல்றேன்."

அந்த அத்தியாயத்தை அன்று சாயங்காலமே திருத்தி எழுதினேன். தலைப்பை வெட்டினேன். பதிவேட்டு வரிகளை அப்படியே போட்டேன். செயலாளர் படித்துவிட்டு மூக்கைச் சுளித்தார். "ஒருத்தராவது எதிர்த்தாருன்னு இருந்தா சம்மேளனத்துக்கும் மரியாதையா இருந்துச்சு" என்றார். பதிவேட்டைக் காட்டினேன். "சரி, வெச்சுட்டுப் போங்க" என்றார்.

விழாவுக்கு இருந்த பத்து நாளும் நான் அந்த வீட்டுக்குப் போய்வந்தேன். அக்கா சமைத்தாள், தைத்தாள், பேசவில்லை. அண்ணன் அவள் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தைத்து முடித்த பனியன்களில் நூல் பிசிறு வெட்டிக்கொடுத்தார். வேண்டாம் என்றும் அவள் சொல்லவில்லை. ஒருநாள் அவர் மேடையில் பேசப்போவதை ஒரு தாளில் எழுதி என்னிடம் காட்டினார். 'அன்றைய சூழ்நிலையில் வழிமொழிய நேர்ந்தது' என்றிருந்தது. சிவப்புப் பேனாவை எடுத்து, சூழ்நிலையை அடித்துவிட்டு, 'நான் வழிமொழிந்தேன்' என்று போட்டுக்கொடுத்தேன். நாலைந்து தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். தொண்டை கட்டிக்கொண்டது. பாவமாகத்தான் இருந்தது. மனுஷன் சொல்லிவிடுவார் என்று நான் நம்பினேன். அக்காவும் நம்பினாள் என்பது விழாவுக்கு முந்தின நாள் தெரிந்தது. அவருடைய சட்டைக்கு அறுந்திருந்த பொத்தானை அவளே தைத்துப் போட்டாள்.

விழா காலை பத்து மணிக்கு. மைதானத்தை ஒட்டிய அரங்கம். மழை விட்டிருந்தது, ஆனாலும் எல்லாரும் ஈரக்குடையோடு வந்து தரையெல்லாம் தண்ணீர். அண்ணனை முதல் வரிசைக்குக் கூட்டிப்போனார்கள். அக்கா என்னோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். எல்லா நாற்காலியிலும் ஆளுக்கொரு புத்தகம் வைத்திருந்தார்கள். பளபளவென்று அட்டை.

அக்கா நேராக ஐந்தாவது அத்தியாயத்தைத்தான் திருப்பினாள். திருப்பி என் மடியில் வைத்தாள்.

'ஒற்றை ஓட்டு' என்றிருந்தது. கொட்டை எழுத்தில். கீழே நான் முதலில் எழுதிய அதே வரிகள், அதே காற்புள்ளிகள்.

எழுந்து, மேடைப் படிக்குப் பக்கத்தில் நின்ற செயலாளரிடம் போனேன். "என்ன சார் இது? நான் திருத்திக் குடுத்தது எங்க?"

"கத்தாதீங்க" என்றார் அவர், சிரித்த முகம் மாறாமல். "நான் ஒண்ணும் பண்ணல. அவரே போன வாரம் ஆபீசுக்கு வந்தாரு. பழையபடியே இருக்கட்டும், வீட்டுலயும் பேசிட்டேன், அவளும் சரின்னுட்டான்னாரு. அவங்க குடும்ப விஷயம். நமக்கென்ன வந்துச்சு?"

போன வாரம். அந்த ஸ்டூலில் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்த வாரம். என் சிவப்புப் பேனாவால் திருத்தி வாங்கிக்கொண்ட அதே வாரம்.

திரும்பிப் போய் அக்காவிடம் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. வேறு யார் சொல்வார்கள்? ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

"நானும் சரின்னுட்டேன்னா சொன்னாரு?" என்றாள்.

"ஆமா அக்கா."

"ஓ" என்றாள். "எனக்கும் சேத்து அவரே வழிமொழிஞ்சுட்டாரு."

அப்போது அண்ணனைக் கூப்பிட்டார்கள். அரங்கமே எழுந்து கைதட்டியது. அவர் மைக்கைப் பிடித்தார். மூன்றாவது வரிசையைப் பார்க்கவே இல்லை. பையிலிருந்து தாள் எதையும் எடுக்கவில்லை. "நான் பெருசா ஒண்ணும் செஞ்சுடல" என்று ஆரம்பித்தார். "மனசாட்சிக்குப் பட்டதைச் செஞ்சேன். ஒரு ஓட்டுத்தானே, யாரா இருந்தாலும் போட்டிருப்பாங்க." கைதட்டல் இன்னும் கூடியது. தொண்டை கட்டவில்லை. கணீரென்று பேசினார்.

அக்கா எழுந்தாள். மேடைக்குத்தான் போகப் போகிறாள் என்று நினைத்து வழிவிட்டேன். அவள் கதவுப் பக்கம் நடந்தாள். பின்னால் மைக்கில், "அவர்களது துணைவியாரையும் மேடைக்கு அழைக்கிறோம்" என்று சொல்வது கேட்டது. இரண்டு தடவை அழைத்தார்கள். நான் வெளியே ஓடி வந்து அவளைப் பிடித்தேன்.

"போய்ச் சொல்லுங்க அக்கா! மைக்கைப் பிடுங்கிச் சொல்லுங்க! பதிவேடு என்கிட்ட இருக்கு!"

"அங்க போய்ச் சண்டை போட்டா, ஒரு கெழவனும் கெழவியும் மேடையில அடிச்சுக்கிட்டாங்கன்னுதான் பேசுவாங்க" என்றாள். "தம்பி, தப்பு அச்சாயிட்டா உங்க தொழில்ல என்ன பண்ணுவீங்க?"

"பிழை திருத்தம்னு ஒரு துண்டுத்தாள் அடிச்சு, அந்தப் பக்கத்துல ஒட்டுவோம்."

"அத நீங்க பண்ணுங்க. கோலி வீடு எங்கன்னு தெரியுமா?"

தெரியும். பழைய ஆட்டக்காரர்களுக்கு அழைப்பிதழ் அனுப்பிய பட்டியல் என்னிடம்தான் இருந்தது. 'வர விருப்பமில்லை' என்று திருப்பி எழுதிய ஒரே ஆள் அவள்தான்.

பஸ்ஸில் இருபது நிமிஷம். அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். பிஸ்கட் ஃபேக்டரி இருந்த இடத்துக்குப் பின்னால் தொழிலாளர் குடியிருப்பு. மூன்றாவது மாடி. மூச்சு வாங்க ஏறினோம். படியெல்லாம் துணி காயப்போட்டிருந்தார்கள். அக்கா கதவைத் தட்டிவிட்டு ஒரு படி கீழே இறங்கி நின்றுகொண்டாள்.

கதவைத் திறந்தவள் நல்ல உயரம். இன்னமும் நிலைப்படியை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. கையில் பாதி நறுக்கிய வெங்காயம். அக்காவை ரொம்ப நேரம் பார்த்தாள். என்னைப் பார்க்கவே இல்லை.

"இன்னைக்கு விழாவாச்சே. ஒத்த ஓட்டு பொண்டாட்டிக்கு இங்க என்ன வேலை?"

"நீ சொன்னது நெஜம்" என்றாள் அக்கா. "அவருதான் எழுந்து நின்னிருக்காரு. பதிவேட்டுல பாத்துட்டேன்."

"அது எனக்கு நாப்பத்தோரு வருஷமாத் தெரியும். அவன் செஞ்சது அவன் புத்தி. அவன் எனக்கு யாரு?" என்றாள் கோலி. "நீ எனக்கு யாருடி? ஒரு வாய் வார்த்தை கேக்காம அறைஞ்சியே, எல்லார் முன்னாடியும். அவனுக்காக."

அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"இப்ப எதுக்கு வந்த? அவன் உன்ன ஏமாத்திட்டான்னு அழறதுக்கு வந்தியா, இல்ல நீ என்ன அறைஞ்சதுக்கு வந்தியா?"

"அறைஞ்சதுக்கு."

கோலி வெங்காயத்தை இடதுகைக்கு மாற்றிக்கொண்டாள். வலதுகையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு நிலைப்படியை விட்டு ஒரு பக்கமாக ஒதுங்கினாள்.

"அப்ப உள்ள வா."